16 வயது மகனிடம் ஸ்கூட்டரைக் கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். மகளுக்கு 18 வயது முடிந்துவிட்டது. எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுத்து, என் தம்பியிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். டியூஷன் சென்டர் 6 கிலோமீட்டர் தூரம். என் பெயரில் 110 சிசி ஸ்கூட்டர் இருக்கிறது. “கியர் இல்லாத வண்டிக்கு 16 வயதிலேயே லைசென்ஸ் கொடுப்பார்கள்” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் மகன் ஏற்கெனவே ஓட்டிப் பழகிவிட்டான். அவன் நண்பர்கள் பலர் வண்டியில்தான் வருகிறார்கள். போலீஸ் பிடித்தால் அபராதம் கட்டினால் போதுமா? வண்டியை மாமனார் பெயருக்கு மாற்றிவிட்டால் எனக்குச் சிக்கல் வராதா? பேட்டரி ஸ்கூட்டருக்கு லைசென்ஸே வேண்டாம் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஸ்கூட்டரை மகன் இப்போது சாலையில் ஓட்டக் கூடாது. அந்த வண்டிக்கு இந்த வயதில் எல்.எல்.ஆர். கிடைக்காது. நீங்கள் பின்னால் உட்கார்ந்து வந்தாலும் சட்டத்தின் பார்வையில் எதுவும் மாறாது. 18 வயது முடியும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். மோட்டார் வாகன விபத்து வழக்குகளை நடத்தும் வழக்கறிஞராக, உங்களைப் போல இதை முன்கூட்டியே கேட்கும் பெற்றோரை நான் அதிகம் சந்திப்பதில்லை. பெரும்பாலும் விபத்து நடந்த பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். அதனால் உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் பாதி உண்மை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 4ஆவது பிரிவு, 18 வயது நிரம்பாத யாரும் பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டக் கூடாது என்கிறது. அதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. எஞ்சின் திறன் 50 சிசிக்கு மேற்படாத இருசக்கர வாகனத்தை 16 வயது முடிந்தவர் ஓட்டலாம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குக் கியர் இல்லாத வண்டிக்கான எல்.எல்.ஆர். வேண்டுமென்றால் பெற்றோரோ பாதுகாவலரோ எழுத்து மூலம் சம்மதம் தர வேண்டும் என்று 7ஆவது பிரிவு சொல்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். மக்கள் நினைவில் ‘கியர் இல்லாத வண்டி, 16 வயது’ என்பது மட்டும் தங்கிவிட்டது. 50 சிசி என்ற வரம்பு மறந்துபோய்விட்டது. இந்தச் சட்டம் வந்த காலத்தில் 50 சிசி மொபெட்டுகள் தெருவெங்கும் ஓடின. இன்று கடைகளில் நிற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசிக்கு மேல். உங்கள் வண்டி 110 சிசி. அந்த விலக்கு அதற்குப் பொருந்தாது. 16 வயதில் முறைப்படி லைசென்ஸ் வாங்கிய ஒரு பையன் 110 சிசி ஸ்கூட்டரை எடுத்தால், அந்த வண்டியைப் பொறுத்தவரை அவனும் லைசென்ஸ் இல்லாதவன்தான்.

மைதான விஷயத்துக்கு வருகிறேன். சட்டம் ‘பொது இடம்’ என்று சொல்வது தார்ச்சாலையை மட்டுமல்ல. பொதுமக்கள் வந்துபோக உரிமை உள்ள எந்த இடமும், அது வழித்தடமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், பொது இடம்தான். காலையில் பெரியவர்கள் நடக்கிற, மாலையில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிற மைதானத்தில் ஓட்டினால், சாலையில் ஓட்டுவதற்கு என்ன சட்டமோ அதேதான் பொருந்தும். சுற்றிலும் வேலி போட்டு, வெளியாள் வர முடியாத சொந்த நிலமாக இருந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது. ஆனால் அங்கேயும் யாருக்காவது அடிபட்டால் பொறுப்பு உங்களுடையதுதான். மைதானத்தில் ஓட்டுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அங்கே வந்த தைரியத்தில்தான் பிள்ளைகள் ஒருநாள் சாவியை எடுத்துக்கொண்டு சாலைக்கு வருகிறார்கள்.

‘அபராதம் கட்டிவிடலாமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். லைசென்ஸ் இல்லாமலோ, வயது நிரம்பாமலோ ஓட்டுபவருக்கு 181ஆவது பிரிவில் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. அப்படிப்பட்டவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கு 180ஆவது பிரிவில் அதே அளவு தண்டனை. இதோடு முடிந்தால் பரவாயில்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். இதோடு முடிவதில்லை.

2019இல் சட்டத்தைத் திருத்தியபோது 199ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் ஒரு குற்றம் செய்தால், அவருடைய பாதுகாவலரையோ வண்டியின் உரிமையாளரையோ குற்றவாளியாகக் கருத வேண்டும் என்கிறது அது. 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். இதில் பையனைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். 25 வயது முடியும் வரை அவனுக்கு எல்.எல்.ஆரோ லைசென்ஸோ கிடைக்காது. படித்து முடித்து வேலை தேடும் வயது முழுக்க அவன் வண்டி ஓட்ட முடியாமல் போகும். விற்பனைப் பிரதிநிதி, களப்பணி, டெலிவரி என்று லைசென்ஸ் கேட்கிற எந்த வேலைக்கும் அவன் விண்ணப்பிக்க முடியாது. இன்னும் 2 வருடம் பொறுக்க முடியாததற்காக 9 வருடத்தை இழப்பது எந்தக் கணக்கிலும் சரியாக வராது.

சில குற்றங்களுக்கு அந்த இடத்திலேயே அபராதம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ள சட்டம் இடம் தருகிறது. எந்தெந்தப் பிரிவுகளுக்கு அது உண்டு என்று 200ஆவது பிரிவில் பட்டியல் இருக்கிறது. 199ஏ அதில் இல்லை. இந்தப் பிரிவில் வழக்குப் போட்டுவிட்டால் நீதிமன்றம் போய்த்தான் ஆக வேண்டும்.

“எனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டான்” என்று சொல்லலாமே என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்த வாதத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் பையன் ஓட்டினான் என்றால் உங்கள் சம்மதத்தோடுதான் ஓட்டினான் என்று வைத்துக்கொண்டுதான் நீதிமன்றம் தொடங்கும். எனக்குத் தெரியாது, தடுக்க வேண்டியதையெல்லாம் செய்திருந்தேன் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். சாவி வாசல் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருக்க, பையன் வாரம் இரண்டு முறை மைதானத்தில் ஓட்டுவதைத் தெருவே பார்த்திருக்க, அதை எப்படி நிரூபிப்பது? சாவியை அவன் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

மாமனார் பெயருக்கு மாற்றும் யோசனையை விட்டுவிடுங்கள். 199ஏ பிரிவு பாதுகாவலரையும் சொல்கிறது, உரிமையாளரையும் சொல்கிறது. தாய் என்ற முறையில் நீங்கள் பாதுகாவலர். வண்டி யார் பெயரில் இருந்தாலும் உங்கள் பொறுப்பு போகாது. கூடுதலாக, வயதான காலத்தில் அவரையும் நீதிமன்றத்துக்கு அலைய வைப்பீர்கள். விபத்து நடந்தால் நஷ்டஈட்டுக்கு அவருடைய சொத்தும் பதில் சொல்ல வேண்டிவரும்.

உங்கள் கடிதத்தில் இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அதிகம் கவலை தருவது அதுதான். ‘வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, எது நடந்தாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளும்’ என்று எல்லோரும் நம்புகிறார்கள். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியிருந்தால் நடப்பது வேறு. 2004இல் நேஷனல் இன்சூரன்ஸ் எதிர் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை விரிவாக ஆராய்ந்தது. அடிபட்டவர் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்பதால், பெரும்பாலான வழக்குகளில் விபத்து நஷ்டஈட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியைப் பணம் கட்டச் சொல்லும். பிறகு அந்தத் தொகையை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ள அனுமதி கொடுக்கும். கம்பெனி அதற்குப் புதிதாக வழக்குப் போட வேண்டியதில்லை. அதே தீர்ப்பை வைத்து நிறைவேற்று மனு போட்டுச் சொத்தை ஜப்தி செய்யக் கேட்கலாம்.

அடிபட்டவர் சம்பாதிக்கிற வயதில் இருந்து, இறந்துபோனாலோ நடக்க முடியாமல் ஆகிவிட்டாலோ, நஷ்டஈடு பல லட்சங்களில் வரும். அவருடைய வயது, வருமானம், அவரை நம்பி இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதை வைத்துக் கணக்குப் போடுவார்கள். வெளிநாட்டில் உங்கள் கணவர் சேர்க்கும் பணமும், இருக்கிற வீடும் ஒரு மாலை நேரத்து டியூஷன் பயணத்தில் போய்விடக் கூடும். எதிரில் வந்த குடும்பத்துக்கு ஏற்படும் இழப்பை எந்தத் தொகையும் ஈடு செய்யாது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அடிபடுவது உங்கள் மகனாகவே இருந்தால்? பாலிசியோடு சேர்த்து எடுக்கிற 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, லைசென்ஸ் உள்ள உரிமையாளர் ஓட்டும்போதுதான். அது உங்களுக்கானது, அவனுக்கு இல்லை. அவனே ஓட்டிச் சறுக்கி விழுந்தால், வண்டியால் பாதிக்கப்படும் வெளியாருக்கான மூன்றாம் நபர் காப்பீட்டிலும் கேட்க முடியாது. ஸ்கூட்டருக்கு ஆன சேதத்தையும் கம்பெனி தர மறுக்கும். விபத்தில் யாராவது இறந்துவிட்டால் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில் வழக்கு வரும். பையன், 18 வயதுக்குக் குறைந்தவர்களின் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்க வேண்டியிருக்கும்.

பயமுறுத்துவதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. தீர்ப்பாயத்தின் வராந்தாவில் நான் பார்க்கிற தாய்மார்களில் பலருக்கும் இவை எதுவுமே முன்னால் தெரிந்திருக்கவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அடுத்து, பேட்டரி ஸ்கூட்டர். லைசென்ஸ் தேவைப்படாத பேட்டரி வண்டிகள் இருப்பது உண்மைதான். மோட்டாரின் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்து, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் அதைச் சரிபார்த்துச் சான்று கொடுத்திருந்தால், மத்திய மோட்டார் வாகன விதிகள் அதை மோட்டார் வாகனமாகவே கருதுவதில்லை. பதிவு, லைசென்ஸ் எதுவும் வேண்டாம். சாலையில் வேகமாகப் போகிற, நம்பர் பிளேட் உள்ள மற்ற பேட்டரி ஸ்கூட்டர்கள் எல்லாம் மோட்டார் வாகனங்கள்தான். அவற்றுக்கு 18 வயதும் லைசென்ஸும் வேண்டும். வாங்குவதாக இருந்தால் கடைக்காரர் வாய்வார்த்தையை நம்பாமல் அந்தச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். பிறகு யாராவது வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்று வயரை மாற்றினால் அந்த விலக்கு போய்விடும். மகனிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சான்றுள்ள வண்டியாகவே இருந்தாலும், 25 கிலோமீட்டர் வேகத்தில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே 6 கிலோமீட்டர் போவதை நான் விரும்ப மாட்டேன். உள்தெரு வழி இருந்தால் யோசியுங்கள், கூடவே ஹெல்மெட்டும் வாங்கிக் கொடுங்கள். இல்லையென்றால் சைக்கிளோ பஸ்ஸோ போதும்.

இனி மகள். அவள் சரியான வழியில்தான் போகிறாள். ஆனால் எல்.எல்.ஆர். கைக்கு வந்ததும் அதுவே லைசென்ஸ் என்று நினைத்து ஓட்டுகிறவர்கள் அதிகம் என்பதால் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3ஆவது விதி, பழகுபவருடன் அந்த வகை வண்டிக்கு நடப்பில் உள்ள லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது. வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். உங்கள் தம்பி பின்சீட்டில் இருந்துகொண்டு சொல்லிக்கொடுத்தால் அது செல்லாது. முன்சீட்டில், கைபிரேக்குக்குக் கை எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். அவருடைய லைசென்ஸ் காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள். காரின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் ‘எல்’ போர்டு இருக்க வேண்டும். பின்னாளில் மகள் பைக்கோ ஸ்கூட்டரோ பழகும்போது, சொல்லிக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. தோழியை ஏற்றிக்கொண்டு போய்ப் பழகுவது விதிமீறல்.

இதை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. எல்.எல்.ஆர். வைத்திருப்பவரும் முறையாக உரிமம் பெற்றவர்தான் என்று நான் மேலே சொன்ன அதே ஸ்வரண் சிங் தீர்ப்பு ஏற்றுக்கொண்டிருக்கிறது. கார் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து ‘ஓட்டுநர்’ என்ற பத்தியைப் படித்துப் பாருங்கள். எல்.எல்.ஆர். உள்ளவர் ஓட்டலாம், ஆனால் 3ஆவது விதியைப் பின்பற்றி ஓட்ட வேண்டும் என்று வழக்கமாக அதில் இருக்கும். தம்பி பக்கத்தில் இல்லாமல், ‘முனைக்கடை வரைக்கும்தானே’ என்று மகள் தனியாக எடுத்துப்போய் இடித்துவிட்டால், கம்பெனி கையில் எடுக்கும் முதல் ஆயுதம் அந்த வரிதான்.

தம்பி சொல்லிக்கொடுத்தாலும், சில நாள்களாவது உரிமம் பெற்ற டிரைவிங் ஸ்கூலில் பழகட்டும். அங்கே காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் பிரேக் இருக்கும். பதற்றத்தில் கால் தவறினால் அவர் நிறுத்திவிடுவார். வீட்டுக் காரில் அந்த வசதி கிடையாது. உங்கள் மகனை “இப்போதே சேர்த்துவிடுங்கள், எல்.எல்.ஆர். பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று எந்த ஸ்கூலாவது அழைத்தால், அந்த இடத்துக்கு மகளையும் அனுப்பாதீர்கள்.

மகன் இந்த 2 வருடத்தில் சும்மா இருக்க வேண்டியதில்லை. எல்.எல்.ஆருக்கு ஒரு எழுத்துத் தேர்வு உண்டு. சாலைக் குறியீடுகள், விபத்து நடந்தால் ஓட்டுநரின் கடமை, ஆளில்லாத ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை, வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றில் கேள்வி வரும். 60 சதவீதம் சரியாக எழுதினால் தேர்ச்சி. வட்டத்துக்குள் இருப்பது கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டியது, முக்கோணம் எச்சரிக்கை, செவ்வகம் தகவல். பஸ்ஸில் போகும்போதே இவற்றைப் பார்த்துப் பழகலாம். அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோவது ஓட்டுநரின் கடமை என்பதும், அருகில் போலீஸ் இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தகவல் சொல்ல வேண்டும் என்பதும் தேர்வுக்காக மட்டும் படிக்க வேண்டியவை அல்ல. அவற்றை வீட்டில் பேசுங்கள். அவனோடு வண்டியில் போகும்போது நீங்களும் ஹெல்மெட் போடுங்கள், அவனையும் போடச் சொல்லுங்கள். பின்னால் உட்காருபவருக்கும் அது கட்டாயம்.

‘நண்பர்கள் எல்லோரும் ஓட்டுகிறார்கள்’ என்று அவன் சொல்லும்போது, 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது என்பதைச் சொல்லிப் பாருங்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அபராதத் தொகை உறைப்பதில்லை, இது உறைக்கிறது. முடிந்தால் அந்த நண்பர்களின் பெற்றோரிடமும் பேசுங்கள்.

அவனுக்கு 18 முடிந்ததும் போக்குவரத்துத் துறைச் சேவைகளுக்கான அரசின் பரிவாகன் இணையதளத்தில் எல்.எல்.ஆருக்கு விண்ணப்பிக்கலாம். வயதுச் சான்று, முகவரிச் சான்று, உடல்தகுதி பற்றிய சுய அறிவிப்பு தேவைப்படும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழிலும் ஆதாரிலும் பிறந்த தேதியும் பெயரின் எழுத்துகளும் ஒத்துப்போகின்றனவா என்று இப்போதே பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் திருத்துவதற்கு நாளாகும்.

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். அது கிடைத்து குறைந்தது 30 நாள் ஆன பிறகுதான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போக முடியும். தேறாவிட்டால் 7 நாள் கழித்து மறுபடி போகலாம். இப்போது லைசென்ஸ் வாங்கினால் மகளுக்கு 40 வயது வரை அது செல்லும். மகளின் எல்.எல்.ஆரை எடுத்து, அதில் போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். 30 நாள் முடிந்திருந்தால் தேர்வுக்கு இப்போதே நாள் பதிவு செய்துவிடுங்கள். கடைசி மாதம் வரை தள்ளிப்போட்டு, ஒருமுறை தேறாமல் போய், அதற்குள் 6 மாதம் முடிந்துவிட்டால் எல்.எல்.ஆரை மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டிவரும்.